வாலை மேலே பிடித்து

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று எஸ்கலின் எண்ணிக்கொண்டு போனாள், வெளியே வராந்தாவில் கிடந்த மரப்பெஞ்சு ஒரு தடவை முனகியது, அவ்வளவுதான், முப்பத்து மூன்றா முப்பத்து நான்கா என்பது கையை விட்டுப் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் குமுதவல்லி. வந்து இருபது நிமிடம் ஆகிறது. அவள் வந்ததும் அலுவலக உதவியாளர் மாசிலாமணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "மேடம், முன்ன நம்ம லேப்ல வேல பாத்தாங்களே குமுதாம்மா, அவங்க வந்திருக்காங்க, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வேணுமாம்" என்று ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். அவர் தோளுக்குப் பின்னால் நரைத்த வகிடும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு முகம் எட்டிப் பார்த்து "வணக்கம் மேடம்" என்றது. கும்பிட்ட கையில், வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு, ஏதோ கோயில் கயிறு போலிருக்கிறது. நிலவியல் துறைத் தலைவர் டாக்டர் எஸ்கலின் மோத்தா நிமிர்ந்து பார்த்த பார்வையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டு, "ஒரு முக்கியமான கவுண்டிங் நடுவுல இருக்கேன், ஒரு மணி நேரம் ஆகும், உக்காருங்க" என்றாள். அப்போது அவள் எதன் நடுவிலும் இல்லை. பாதி குடித்த காபி ஒன்று மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது, அதன் நடுவில் இருந்தாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். கதவு சாத்தியதும் எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்து, பதினாறு வருடத்துக்கு முந்தைய பெட்டியை எடுத்து, அதிலிருந்து நாற்பத்திரண்டாம் எண் ஸ்லைடை உருவி நுண்ணோக்கியின் கீழே வைத்து, சொன்ன பொய்யை மெய்யாக்கிக்கொண்டாள். படித்தவர்கள் பொய் சொன்னால் அதற்கு உடனே ஒரு வேலையையும் செய்து வைத்துவிடுவார்கள். மறுபடி ஒன்றிலிருந்து.

ஸ்லைடு என்றால் வெறும் கண்ணாடித் துண்டு இல்லை, கறுப்பு அடித்தளம் வைத்த சின்ன அட்டைச் சட்டம், அறுபது கட்டம் போட்டது. கட்டங்களில் வெள்ளைப் பொடி மாதிரிக் கிடப்பவை ஓடுகள். கடலில் மிதந்து பிழைக்கும் ஒற்றைச் செல் உயிர் ஒன்று உண்டு, ரவையைவிடச் சின்னது, செத்தால் அதன் சுண்ணாம்பு ஓடு கடலடிக்கு இறங்கிச் சேற்றோடு சேரும், அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது, ஆயிரக்கணக்கான வருடம். கப்பலில் போய்க் குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, சல்லடையில் அலசி, மிச்சத்தைத் தூரிகை நுனியால் பொறுக்கி வைத்தால், எந்தக் காலத்தில் அந்தக் கடல் எப்படிக் கிடந்தது என்று அந்த ஓடு சொல்லும். எஸ்கலின் ஆராய்ச்சி செய்த இனம் இரண்டு விதமாகச் சுருளும், குளிர்ந்த தண்ணீரில் பெரும்பாலும் இடப்பக்கம், வெதுவெதுப்பான தண்ணீரில் பெரும்பாலும் வலப்பக்கம். முந்நூறு ஓடுகளை எண்ணி எத்தனை இடது எத்தனை வலது என்று எழுதினால் கடல் சுட்டதா குளிர்ந்ததா என்று தெரிந்துவிடும். இவ்வளவு லேசான கேள்வி எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது. சோத்துக்கையா பீச்சாங்கையா, அவ்வளவுதான், பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நாற்பத்தொன்று இடது. நாற்பத்திரண்டு இடது. நாற்பத்து மூன்று, இது புரள மாட்டேன் என்கிறது, தூரிகையை நனைக்க வேண்டும். பக்கத்திலேயே தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது, கை மட்டும் கேட்காமல் வாய்க்கு வந்து நின்றது. குமுதாக்காவின் பழக்கம் அது. கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல் தூரிகையை நாக்கு நுனியில் தொட்டுக்கொள்வாள், ஒரு நாளைக்கு நூறு தடவை. "அக்கா, இருபதாயிரம் வருஷத்துச் சேத்தைத் தின்றீங்க" என்று எஸ்கலின் கேலி செய்தால், "உப்பு போடாத சேறுன்னா தின்ன மாட்டேன் எஸ்கலினு, இது கடல் சேறாச்சே" என்பாள். அப்போது இவள் எஸ்கலினு, அவள் அக்கா. விடுதிச் சாப்பாடு பிடிக்காத நாட்களில் அக்காவின் டப்பாவில் பாதி எலுமிச்சைச் சாதம் எஸ்கலினுக்கு. இன்றைக்கு வெளியே இருப்பது குமுதவல்லி, உள்ளே இருப்பது மேடம். நாற்பத்து மூன்று இடது.

"அக்காவுக்கு வலது இடது கொழம்புது சார்." மொத்தமே ஐந்து வார்த்தை. பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூள் மாதிரி நாக்கு அதையே போய்ப் போய்த் தொடுகிறது, எடுக்கவும் வரவில்லை, சும்மா இருக்கவும் விடவில்லை. இதே நாற்பத்திரண்டாம் ஸ்லைடுதான். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் சரி பார்ப்பது பேராசிரியர் நீலமேகத்தின் வழக்கம், அவர் எஸ்கலினின் வழிகாட்டி, இன்று உயிரோடு இல்லை. எஸ்கலின் கொடுத்த தாளில் வலது இருநூற்றுப் பதினான்கு, இடது எண்பத்தாறு. குமுதவல்லி கொடுத்த தாளில் இடது இருநூற்றுப் பதினான்கு, வலது எண்பத்தாறு. நீலமேகம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஒரே ஸ்லைடு. ஒருத்தர் கடல் சுடுதுங்கறீங்க, ஒருத்தர் குளிருதுங்கறீங்க. யார் கண்ணு சரியில்ல?" என்று கேட்டார். குமுதவல்லி, "சார், செவுத்துல ஒட்டியிருக்கற படத்தப் பாத்துத்தான் சார் நான் எண்றேன்" என்றாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு, ஒப்பந்தப் பணியாளர். இவள் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள், ஐந்தாறு மாதத்தில் ஆய்வேடு கொடுக்கப் போகிறவள். யாரும் யோசிக்கவில்லை, குழம்புகிறவள் முந்நூறிலும் ஒன்று விடாமலா குழம்புவாள்? குழம்புகிறவளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பும். ஒன்று விடாமல் தலைகீழாக வந்தால் அது குழப்பம் இல்லை, இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று அர்த்தம். எண்கள் பளிச்சென்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன, கேட்கத்தான் ஆளில்லை. எஸ்கலின் சிரித்துக்கொண்டே அந்த ஐந்து வார்த்தையைச் சொன்னாள். அக்காவைத் திட்டிலிருந்து காப்பாற்றத்தான் சிரித்தேன் என்று ரொம்ப நாள் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள். அது சுத்தப் பொய். அவளுக்குப் பயம், தன் கணக்கு தப்பாகிவிடுமோ என்ற பயம், அந்தப் பயத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அக்கா பக்கத்தில் நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அது லேப் முழுக்க ஒரு வேடிக்கையாகிவிட்டது. டீ வந்தால், "அக்கா, வலது கையால எடுங்க, வலதுன்னா எதுன்னு எஸ்கலினைக் கேட்டுக்கோங்க" என்பார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை எஸ்கலின் நினைக்கக் கூடாது என்று எத்தனையோ வைத்தியம் செய்து பார்த்திருக்கிறாள். குமுதவல்லி எண்ணிய பத்தொன்பது தாளிலும் வலது என்பதை அடித்து இடது, இடது என்பதை அடித்து வலது என்று சிவப்பு மையில் திருத்தியவள் எஸ்கலின்தான், அதுவும் குமுதவல்லியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே. அந்த ஜூனில் குமுதவல்லியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேலையில் கவனம் போதாது என்று கோப்பில் ஒரு வரி. எத்தனையாவது? எண்பதா, எண்பத்தொன்றா, எண்பது என்று வைத்துக்கொள்வோம், இல்லை, வைத்துக்கொள்வோம் என்பதெல்லாம் இங்கே கூடாது, வைத்துக்கொண்டு வைத்துக்கொண்டுதான் இந்த லட்சணம். மறுபடி முதல் கட்டத்திலிருந்து.

அப்பா தப்பாகச் சொல்லித் தரவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும், யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தூத்துக்குடியில் அப்பா சூசை சங்கு குளித்தவர், வலது காது அழுத்தத்தில் போய்விட்டது. எஸ்கலினுக்கு ஒன்பது வயதில் ஒருநாள் அவருடைய தோணிக்கு ஒரு வலம்புரி வந்தது, கரையே கூடிவிட்டது, லட்சத்தில் ஒன்று என்றார்கள். அப்பா அதை அவள் கையில் கொடுத்து, "ஏளா, தலைய மேல பிடிக்காத. வாலை மேல பிடிச்சிப் பாரு. வாயி எந்தப் பக்கம் தொறந்திருக்கு?" என்று கேட்டார். "சோத்தாங்கைப் பக்கம்பா." "அதாம்ளா வலம்புரி. மத்ததெல்லாம் இடம்புரி." சங்கின் கூர்ந்த வால் மேலே, பருத்த தலை கீழே, வாய் நம்மைப் பார்த்து, அதுதான் பிடிக்கிற முறை. ஊதுகிறவனும் அப்படித்தான் பிடிப்பான், பூஜை அறையில் வைக்கிறவனும் அப்படித்தான் வைப்பான். அது அவள் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இருபது வருடம் கழித்து லென்ஸுக்குக் கீழே முதல் ஓடு தெரிந்தபோது, அட, குட்டிச் சங்கு என்று மனசு துள்ளியது, தூரிகையால் அதன் வாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்தாள், நோட்டில் 'வ' என்றும் 'இ' என்றும் கோடு போட்டாள். புத்தகம் சொல்வது வேறு. வாய் கீழே இருக்க, சுருளின் தலை மேலே இருக்க, தலைப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதைப் படிக்காமலா இருந்தாள், படித்தாள், பரீட்சையில் எழுதியும் இருந்தாள். படித்த கண் வேறு, பார்த்த கண் வேறு. கண்ணாடிக் கதவில் எழுதிய கடைப் பெயரை உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி மாறித் தெரியுமோ அப்படி முழுக் கடலும் அவளுக்கு மாறித் தெரிந்தது. குளிர்ந்து கிடந்த தென்கோடிக் கடலை அவள் வெதுவெதுப்பு என்றாள். எல்லோரும் பனிக்காலம் என்று சொல்கிற காலத்தில் இங்கே மட்டும் ஒரு சூடு என்றதும் ஆய்வுலகம் திரும்பிப் பார்த்தது. குழாயின் மேல்துண்டு, குளிர் என்று எல்லோருக்கும் தெரிந்த இன்றைய கடலின் சேறு, கப்பலிலேயே கலங்கிப் போயிருந்தது, அது இருந்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். கட்டுரை, விருது, வேலை, பதவி உயர்வு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. காய்ந்த தலையோடு குனிந்து எண்ணிய பெண் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள். நூற்றுப் பத்து இடது. நூற்றுப் பதினொன்று இடது. நூற்றுப் பன்னிரண்டு வலது, அப்பாடா, ஒரு வலது.

இத்தனையும் தெரியாமல் செய்தது. தெரியாமல் செய்ததற்குத் தெய்வம்கூட மன்னிப்பு வைத்திருக்கிறது. ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கருத்தரங்கு முடிந்து ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று சின்ன அருங்காட்சியகம் ஒன்றுக்குள் நுழைந்தாளே, அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சங்கு இருந்ததே. மேலே தமிழில் 'வலம்புரிச் சங்கு' என்று எழுதி, கீழே இங்கிலீஷில் 'இடப்பக்கம் சுழலும் சங்கு' என்று எழுதியிருந்தது. எஸ்கலினுக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த காவலரிடம் போய், "ஐயா, எழுத்து தப்பாயிருக்கு பாருங்க, யாராவது கேலி பண்ணப் போறாங்க" என்று சொன்னாள். அவர் எழுந்துகூட வரவில்லை. "ரெண்டும் சரிதாம்மா. தெனமும் ஒருத்தர் வந்து கேக்கறாங்க. நாம வாலை மேல புடிச்சுப் பாக்கறோம், வெள்ளக்காரன் தலைய மேல வச்சுப் பாக்கறான். சங்கு ஒண்ணுதான்" என்றார். அந்த இடத்தில் அவளுக்கு உள்ளங்கால் ஜில்லென்று ஆனது இன்றைக்கும் ஆகிறது, இதோ, இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே ஆகிறது. ரயிலைப் பிடித்து, ஊர் வந்து, யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைப் பகலில் லேபைத் திறந்து, இதே பெட்டி, இதே ஸ்லைடு. இடது இருநூற்றுப் பதினான்கு. வலது எண்பத்தாறு. அக்காவின் தாள். அன்று அப்பாவுக்குப் போன் போட்டு, "அப்பா, வலம்புரிய ஏன் வலம்புரின்னு சொல்றோம்?" என்று கேட்டாள். அப்பா போனைச் செவிட்டுக் காதிலிருந்து நல்ல காதுக்கு மாற்றிக்கொண்டு, "இவ்ளோ படிச்சவ எங்கிட்ட கேக்கியே, வாலை மேல பிடிச்சாத் தெரியுமில்லா" என்று சந்தோஷமாகச் சிரித்தார். அவரிடம் அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடம் முன்பு அவரும் போய்விட்டார்.

ஆறு வருடம். இரண்டாயிரத்துச் சொச்சம் நாள். ஒரு திருத்தக் கடிதம் எழுதி முடித்து, கம்ப்யூட்டரில் 'பழைய ரசீதுகள்' என்று பேர் வைத்த கோப்புறைக்குள் போட்டுப் புதைத்திருக்கிறாள், யாரும் திறக்காத பேராகப் பார்த்து வைத்தது. அனுப்பியிருந்தால் என்ன, ஒரு கட்டுரை போகும், கொஞ்சம் பேர் சிரிப்பார்கள், அவளை நம்பி அதன்மேல் ஆய்வேடு கட்டிய இரண்டு மாணவர்கள் முகம் கறுக்கும், துறைத் தலைவர் நாற்காலி ஆடும். அதுகூட இல்லை, பிழைக்குக் காரணம் என்ன என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது, அந்த வரியில்தான் மாட்டிக்கொண்டாள். காரணம் சங்கு. சங்கு என்றால் அப்பா. அப்பாவுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் "ஹார்பர்ல" என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறாள், அதில் முதல் கோணல். கோணலை மறைக்க இன்னொரு கோணல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம், எஸ்கலின் ஒரு சமுத்திரத்தையே மறைத்துப் பார்த்தாள். அதுவும் போகட்டும், சமுத்திரம் தாங்கும், இருபதாயிரம் வருடம் முன்பு சுட்டதா குளிர்ந்ததா என்று அதற்கு இன்றைக்கு ஒரு கவலையும் இல்லை. அக்கா எப்படித் தாங்கினாள்? தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்ல வீட்டு விலாசம் கோப்பிலேயே இருந்தது, குரோம்பேட்டை, இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆறு வருடத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான் போலிருக்கிறது, பழியைச் சுமந்தவள் வெளியே பெஞ்சில், பாவத்தைச் சுமப்பவள் உள்ளே சுழல் நாற்காலியை விட்டுவிட்டு ஸ்டூலில். இருநூற்று மூன்று இடது.

வெளியே பெஞ்சு மறுபடி முனகியது. எழுந்துவிட்டாளோ. போய்விடுவாளோ. போய்விட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, அதைப் பார்த்து எஸ்கலினுக்கு உடம்பெல்லாம் கூசியது. விண்ணப்பம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. பதினொரு வருடமாக ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை பார்ப்பதாகவும், அதே நிர்வாகத்தின் மேல்நிலைப் பள்ளியில் லேப் உதவியாளர் இடம் காலி என்றும், முன் அனுபவம் இருந்தால் தருவதாகச் சொல்கிறார்கள் என்றும், ஆகவே தயவுகூர்ந்து என்றும் எழுதியிருந்தாள். கையெழுத்து அதே குண்டு குண்டு எழுத்து, ஸ்லைடுகளின் ஓரத்தில் எண் எழுதியிருக்கிற அதே எழுத்து. தயவுகூர்ந்து. நாலு வரி போதும். 'திருமதி ஆர். குமுதவல்லி இத்துறையில் மூன்று ஆண்டுகள் ஆய்வக உதவியாளராகப் பணியாற்றினார், அவர் பணி திருப்திகரமாக இருந்தது.' திருப்திகரமாக. யாருக்குத் திருப்தி? 'மிகச் சிறப்பாக இருந்தது' என்று போட்டால்? 'இணையற்ற கவனமும் துல்லியமும் கொண்டவர்' என்று அள்ளி விட்டால்? வேலை கிடைக்கும், கும்பிட்டுவிட்டுப் போவாள், நன்றி மேடம் என்பாள், அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாய்க்கரிசி போடுகிற கை மாதிரி அந்த யோசனை நீண்டது. இல்லை, ஒருவேளை அவளுக்குத் தெரிந்துதான் வந்திருக்கிறாளோ, சான்றிதழ் ஒரு சாக்கோ, உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கப் போகிறாளோ, கேட்டால்கூடத் தேவலாம், கேட்டுவிட்டால் பதில் சொல்லிவிடலாம், கேட்காமல் இருந்தால்தான் தானாகச் சொல்ல வேண்டும், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்றால் இது குறுகுறுப்பா, அம்மியில் வைத்து அரைக்கிறது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு வலது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது இடது. முந்நூறு இடது. கூட்டினாள். இடது இருநூற்றுப் பதினான்கு. ஆறு வருடத்தில் எத்தனையோ தடவை எண்ணியாயிற்று, ஒரு தடவையாவது ஒன்று கூடும், ஒன்று குறையும், அக்காவும் கொஞ்சம் தப்பு என்று ஆகும் என்று நப்பாசை. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. எழுந்து கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க குமுதாக்கா" என்று வந்துவிட்டது.

குமுதவல்லி அந்தக் கூப்பிடலில் ஒரு கணம் தடுமாறி, "மேடம்?" என்றாள். கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சுவரைப் பார்த்தாள், பழைய படம் ஒட்டியிருந்த இடத்தில் இப்போது ஏ.சி. இருந்தது.

"இதைக் கொஞ்சம் பாருங்க."

"நானா மேடம்?"

ஸ்டூலின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கண் குழாய்கள் இரண்டையும் தன் கண்களுக்கு ஏற்ற மாதிரி லேசாக நெருக்கினாள், விரல் தானாகப் போய்த் திருகைப் பிடித்தது, நடுவில் பதினாறு வருடம் போனதாகவே இல்லை. தூரிகையை எடுத்தவள் வாய் வரைக்கும் கொண்டு போய், பாதியில் நிறுத்தி, மேடம் முன்னால் ஆகாது என்று நினைத்தாளோ என்னவோ, தண்ணீர்க் கிண்ணத்தில் நனைத்துக்கொண்டாள்.

"முதல் கட்டத்துல இருக்கறது. எந்தப் பக்கம் சுத்துது?"

குமுதவல்லியின் உதடு அசைந்தது. உடனே மூடிக்கொண்டது. லென்ஸிலிருந்து முகத்தை எடுத்து, தன் மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"வலது மேடம்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"வலதுதான் மேடம்." கொஞ்சம் சிரித்தாள், அதே பழைய சிரிப்பு. "எனக்குப் படறது என்னவோ இடதுதான். ஆனா எனக்குத்தான் மாறித் தெரியுமே. அதனால இடதுன்னு பட்டா வலதுன்னு சொல்லிடுவேன், சரியா இருக்கும். எதுவும் தப்பாயிடக் கூடாதுன்னு இந்தக் கயிறு, இப்ப ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு ஷூ மாட்டி விடவும் இதுதான். கட்டின கை வலது. இங்கேருந்து போன வாரத்துலயே கட்டிக்கிட்டது. அறுந்தா புதுசு கட்டிப்பேன். ஆட்டோல போனாக்கூட வாயால சொல்ல மாட்டேன், கையை நீட்டிடுவேன்."

இத்தனை வருடம் எஸ்கலின் பயந்ததெல்லாம் கோபத்துக்கு, ஒரு சண்டைக்கு, ஒரு சாபத்துக்கு. கயிற்றுக்குப் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அது இடதுதான் அக்கா. அன்னிக்கு நீங்க எண்ணினதுதான் சரி. பத்தொம்பது ஸ்லைடும் சரி. நான்தான் தலைகீழாப் பாத்தேன். எங்கப்பா சங்கு குளிச்சவரு. சங்கைப் பாக்கற மாதிரி இதையும் பாத்துட்டேன்."

குமுதவல்லி மறுபடி குனிந்து லென்ஸில் கண் வைத்தாள். முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று தட்டு மெல்ல நகர்ந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது, இந்தத் தடவை மூடிக்கொள்ளவில்லை, ஆனால் சத்தமும் வரவில்லை. ஒரு வரிசை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இது எப்ப தெரிஞ்சுது மேடம்?"

இப்பத்தான் என்று சொல்லலாம். இதோ, இப்போது எண்ணியதில்தான் தெரிந்தது என்று சொல்லலாம். முக்கியமான கவுண்டிங் என்று சொல்லித்தானே உட்கார வைத்தோம், தாளில் மை கூடக் காயவில்லை, யாரும் நம்புவார்கள். அந்தப் பொய் குளித்து உடுத்திக்கொண்டு நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது.

"ஆறு வருஷமாச்சு" என்றாள் எஸ்கலின்.

குமுதவல்லி கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்து, இன்னொரு பக்கமும் துடைத்தாள். "ஆறு வருஷத்துக்கு முன்ன எங்க வீட்டுக்காரர் இருந்தாரு" என்றாள். "அவரும்தான் வலது இடது தெரியாதவன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பாரு. ஒரு வார்த்த வந்து சொல்லியிருந்தீங்கன்னா அவருகிட்ட சொல்லியிருப்பேன்."

எஸ்கலின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்தாள்.

"சர்டிபிகேட்டுல அதையும் எழுதிக் குடுங்க மேடம்."

"எதை?"

"நான் எண்ணினது சரின்னு. எப்ப தெரிஞ்சுதுன்னும் எழுதுங்க."

துறையின் தாளில் எழுதி முத்திரை குத்திவிட்டால் அது அப்புறம் எஸ்கலின் கையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள், நகல் எடுப்பார்கள், எங்கே வேண்டுமானாலும் போகும். அவள் மேஜைக்குப் போய், துறையின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து, கையாலேயே எழுதினாள். திருமதி ஆர். குமுதவல்லி மூன்று ஆண்டுகள் பணியாற்றினார் என்று எழுதினாள். அவர் எண்ணியது சரி, அவரைத் தவறு என்று சொன்னவள் நான், தவறு என்னுடையது என்று எழுதினாள். இது எனக்குத் தெரிய வந்தது என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது. குமுதவல்லி எதிரே நின்று தலைகீழாகத் தெரிந்த எழுத்தைப் படித்துக்கொண்டே காத்திருந்தாள். எஸ்கலின் அந்த மாதத்தையும் ஆண்டையும் எழுதினாள். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள்.

குமுதவல்லி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள், நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "வரேன் மேடம்" என்றாள். நன்றி என்று சொல்லவில்லை. கதவுக்கு வெளியே வராந்தா இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கிறது, மாடிப்படி இடது பக்கம், மூன்று வருடம் தினமும் ஏறி இறங்கிய படி. அவள் வாசலில் நின்றாள். மணிக்கட்டைத் திருப்பிக் கயிற்றைப் பார்த்தாள், பார்த்துவிட்டு இடது பக்கம் நடந்தாள்.